சிறுகுடலும் பெருங்குடலும்: வயிற்றுப்போக்கு உயிரைப் பறிப்பது எப்படி, காப்பது எப்படி?

2024 டிசம்பர் முதல் வாரத்தில் பல்லாவரம் பகுதி முழுவதும் ஒரே பேச்சாக இருந்தது. தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட காமராஜர் நகர், மலைமேடு பகுதிகளிலும் பல்லாவரம் கண்டோன்மென்ட் பகுதியிலும் திடீரென்று பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டன. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையிலும் மற்ற மருத்துவமனைகளிலும் சேர்க்கப்பட்டார்கள். மூன்று பேர் உயிரிழந்ததாகச் செய்திகள் வந்தன. குடிநீரில் கழிவுநீர் கலந்ததுதான் காரணம் என்று அப்பகுதி மக்கள் கூறினார்கள். அமைச்சர் தா.மோ. அன்பரசன் அதை மறுத்தார். தண்ணீர் மாதிரிகள் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டன.

காரணம் எதுவாக இருந்தாலும், அந்த வாரம் நம் வீடுகளில் எழுந்த கேள்வி ஒன்றுதான். நேற்று வரை நன்றாக நடமாடிய ஒருவர், வெறும் வயிற்றுப்போக்கினால் ஒன்றிரண்டு நாளில் இறந்துபோக முடியுமா?

முடியும். ஆனால் பெரும்பாலான மரணங்களைத் தடுக்கவும் முடியும். அதற்கு நம் வயிற்றுக்குள் இருக்கும் இரண்டு குடல்களும் அன்றாடம் என்ன வேலை செய்கின்றன என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தால், வீட்டில் யாருக்காவது பேதி வரும்போது எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதும் தானாக விளங்கிவிடும்.

குர்பானி ஆட்டில் நாம் பார்ப்பது

குடலை நேரில் பார்க்காதவர்கள் நம் குடும்பங்களில் குறைவு. ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி ஆட்டின் குடலைக் கழுவிச் சுத்தம் செய்த அனுபவம் நம் வீட்டுப் பெண்கள் பலருக்கும் உண்டு. போட்டி என்று நாம் வாங்குவதில் பூந்துவாலை போலச் சொரசொரப்பாக, தடித்து இருக்கும் பகுதி உண்மையில் குடல் அல்ல. அது ஆட்டின் இரைப்பை. அதோடு நீளமாக, வழுவழுப்பாக, சுருள் சுருளாக வரும் மெல்லிய குழாய்தான் சிறுகுடல். அந்தக் குழாயை ஒரு மெல்லிய சவ்வு, கொழுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். சவ்வை அறுத்தால்தான் குழாய் தனியாக வரும்.

மனிதனின் அமைப்பும் ஏறக்குறைய இப்படித்தான். நம் குடல் வயிற்றுக்குள் தளர்வாக மிதந்துகொண்டிருக்கும் கயிறு அல்ல. முதுகுப்புறச் சுவரிலிருந்து விசிறி போல விரியும் ஒரு சவ்வு அதைத் தாங்கி நிற்கிறது. குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களும் நரம்புகளும் அந்தச் சவ்வின் வழியாகத்தான் செல்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சிறுகுடல்: பெயரில்தான் சிறியது

சிறுகுடலின் நீளம் ஏறத்தாழ 6 மீட்டர். ஆளுக்கு ஆள் இது மாறும். அதாவது ஒரு சேலையின் நீளத்தைவிடச் சற்று அதிகம். அகலம் 2.5 சென்டிமீட்டர் அளவுதான். அகலம் குறைவாக இருப்பதால் சிறுகுடல் என்று பெயர். நீளத்தில் பெருங்குடலைவிட நான்கு மடங்கு பெரியது.

இதை மூன்று பகுதிகளாகப் பிரிப்பார்கள்.

முதல் பகுதி டியோடினம் எனும் முன்சிறுகுடல். சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். பன்னிரண்டு விரல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரும் அளவு. இரைப்பையிலிருந்து அமிலத்தோடு வரும் உணவுக் கூழ் முதலில் இங்குதான் இறங்குகிறது. கல்லீரலில் சுரந்து பித்தப்பையில் சேர்ந்திருக்கும் பித்தநீரும், கணையத்திலிருந்து வரும் கணையநீரும் இங்கேதான் வந்து கலக்கின்றன. பித்தநீர் கொழுப்பைச் சிறு சிறு துளிகளாக உடைக்கிறது. கணையநீர் அமிலத்தை மட்டுப்படுத்தி, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றையும் செரிக்க உதவுகிறது. இரும்புச்சத்து அதிகமாக உறிஞ்சப்படுவதும் இங்கேதான்.

இரண்டாவது ஜெஜுனம் எனும் நடுச்சிறுகுடல். செரித்த உணவில் பெரும்பகுதி இங்கே உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் சேர்கிறது.

மூன்றாவது இலியம் எனும் பின்சிறுகுடல். மீதமுள்ள சத்துகளோடு பி12 வைட்டமினும், திரும்பப் பயன்படுத்த வேண்டிய பித்த உப்புகளும் இதன் கடைசிப் பகுதியில்தான் உறிஞ்சப்படுகின்றன. நோயின் காரணமாக இந்தப் பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்குப் பி12 ஊசி தேவைப்படுவது இதனால்தான்.

வெறும் குழாயாக மட்டும் இருந்தால் இதன் உட்பரப்பு அரை சதுர மீட்டர்கூட வராது. ஆனால் அதன் உட்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கிறது. அந்த மடிப்புகளின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் லட்சக்கணக்கில் நிற்கின்றன. ஒவ்வொரு குடலுறிஞ்சியின் மேலுள்ள செல்களிலும் கண்ணுக்குத் தெரியாத இன்னும் நுண்ணிய இழைகள் உள்ளன. இவை அனைத்தையும் விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பல புத்தகங்களில் எழுதப்பட்டுள்ளது. 2014-இல் சுவீடன் ஆய்வாளர்கள் நுட்பமாக அளந்து, அது மிகைப்படுத்தப்பட்ட கணக்கு, சிறுகுடலின் உட்பரப்பு 30 சதுர மீட்டர் அளவுதான் என்று கூறினார்கள். குறைத்துச் சொன்னாலும் இது 300 சதுர அடிக்கு மேல். பல்லாவரத்தில் ஒரு சிறு குடும்பம் வாடகைக்கு இருக்கும் போர்ஷன் அளவு இடம், சுருட்டி நம் வயிற்றுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. இந்தச் செல்கள் சில நாட்களிலேயே உதிர்ந்து, அடியிலிருந்து புதியவை முளைத்து மேலே வருகின்றன. சாதாரண வயிற்றுப்போக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே குணமாவதற்கு இந்தப் புதுப்பிப்பும் ஒரு காரணம்.

சந்திப்பு முனை

சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம், அடிவயிற்றின் வலது பக்கம் இருக்கிறது. அங்கே ஒரு வால்வு உண்டு. சிறுகுடலிலிருந்து வருவதை உள்ளே விட்டு, திரும்பிப் போகாமல் அது தடுக்கிறது. வால்வுக்குக் கீழே பை போலத் தொங்குவது சீக்கம். அதன் முனையில் ஒட்டியிருக்கும் சிறு விரல் போன்ற உறுப்பே குடல்வால். அப்பெண்டிக்ஸ் என்று சொல்வோம். தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கி அங்கேயே நிலைத்துவிடும் வலி, குடல்வால் அழற்சியாக இருக்கலாம். அதைக் கேஸ் வலி என்று சோடா குடித்துச் சமாளிக்கக் கூடாது.

இதே சந்திப்பு முனைக்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. தாம்பரம் சானடோரியம் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் வரக் காரணமே, 1928-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவமனைதான். டிபி என்றால் நுரையீரல் நோய், இருமல் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் காசநோய் குடலையும் தாக்கும். குடலில் அது அதிகமாகக் குடிகொள்ளும் இடம் இந்தச் சந்திப்புதான். வாரக்கணக்கில் வலது அடிவயிற்றில் வலி, மாலை நேரக் காய்ச்சல், எடை குறைதல், சாப்பிட்டதும் வயிறு உப்பி இழுத்துப் பிடித்தல் ஆகியவை இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். காசநோய்க்கு அங்கே மருந்து இலவசம். முழுமையாகச் சாப்பிட்டால் குணமாகும் நோய் அது.

பெருங்குடல்: தண்ணீரை மீட்கும் இடம்

பெருங்குடலின் நீளம் சுமார் 1.5 மீட்டர். சிறுகுடலைச் சுற்றி ஒரு சட்டம் போல இது அமைந்திருக்கிறது. வலது பக்கம் கீழிருந்து மேலே ஏறுகிறது; கல்லீரலுக்குக் கீழே திரும்பி வயிற்றின் குறுக்கே இடது பக்கம் செல்கிறது; அங்கிருந்து கீழே இறங்கி, வளைந்து, மலக்குடலில் முடிகிறது.

சிறுகுடலை உணவு சில மணி நேரத்தில் கடந்துவிடும். பெருங்குடலில் ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள்கூடத் தங்கும். இங்கே நடக்கும் முக்கிய வேலை செரிமானம் அல்ல. தண்ணீரையும் உப்பையும் மீட்பது. கூழாக வருவது மெல்ல மெல்ல நீர் வற்றி மலமாகிறது. மலம் கழிக்கும் உணர்வை அடக்கிக்கொண்டே இருந்தால் அது இறுகிப்போவதும் இதனால்தான். பள்ளிக்கூடக் கழிப்பறை சரியில்லை என்று மாலை வரை அடக்கி வைக்கும் நம் பெண் பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் வருவதில் வியப்பில்லை.

பெருங்குடலில் கோடானுகோடி நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் உண்டு. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வந்த மாவுச்சத்தையும் நார்ச்சத்தையும் அவை நொதிக்கச் செய்து சில அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் செல்களுக்கு அந்த அமிலங்கள்தான் முக்கிய உணவு. அவற்றை உறிஞ்சும்போது கூடவே உப்பையும் தண்ணீரையும் செல்கள் உள்ளே இழுக்கின்றன.

ஒன்பது லிட்டர் கணக்கு

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நாம் ஒரு நாளைக்குக் குடிப்பதும் உணவில் சேர்வதுமாக இரண்டு லிட்டர் அளவு நீர் உள்ளே போகிறது. ஆனால் நம் சிறுகுடலுக்கு ஒரு நாளில் வந்து சேரும் நீர் ஏறத்தாழ ஒன்பது லிட்டர். மீதி ஏழு லிட்டர் எங்கிருந்து வருகிறது? எல்லாம் நம் உடம்பிலிருந்துதான். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடலே சுரக்கும் நீர் என்று உணவைச் செரிக்க வைப்பதற்காக ரத்தத்திலிருந்து இறைத்துக் கொட்டப்படும் நீர் அது.

இந்த ஒன்பதில் ஏழு லிட்டருக்கும் மேல் சிறுகுடலே திரும்ப உறிஞ்சிவிடுகிறது. பெருங்குடலுக்கு வருவது ஒன்றரை, இரண்டு லிட்டர்தான். அதிலும் பெரும்பகுதியைப் பெருங்குடல் மீட்டுவிடுகிறது. கடைசியில் மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி. ஒன்பது லிட்டர் வந்து, ஒரு டம்ளர் மட்டுமே வீணாகிறது! அல்லாஹ்வின் படைப்பில் எவ்வளவு சிக்கனமான ஏற்பாடு இது என்று பாருங்கள்.

கிருமி நுழையும்போது இந்தக் கணக்குதான் குலைகிறது. ரோட்டா வைரஸ் போன்றவை குடலுறிஞ்சிகளின் நுனிச் செல்களையே அழிப்பதால் உறிஞ்சுவது குறைகிறது. காலரா கிருமி வேறு விதமாகத் தாக்குகிறது. அது செல்களைக் கொல்வதில்லை. ஒரு நச்சை விடுகிறது. அந்த நச்சு, குடல் நீர் சுரக்கும் குழாயை மூட முடியாதபடி திறந்துவிடுகிறது. 1959-இல் கொல்கத்தாவைச் சேர்ந்த சம்புநாத் தே என்ற மருத்துவ அறிஞர்தான் இந்த நச்சு இருப்பதைச் சோதனையில் காட்டினார்.

பெருங்குடல் தன் சக்தி முழுவதையும் திரட்டினால் ஒரு நாளில் நான்கைந்து லிட்டர் வரை மீட்கும். அதற்கு மேல் வந்தால் அதனாலும் முடியாது. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூட வெளியேறும். வெளியேறுவது நாம் குடித்த தண்ணீர் மட்டுமல்ல. நம் ரத்தத்தின் நீரும், சோடியம், பொட்டாசியம் உப்புகளும்தான். ரத்தத்தின் அளவு குறைகிறது, அழுத்தம் விழுகிறது, சிறுநீரகம் நின்றுபோகிறது, இதயம் தடுமாறுகிறது. பத்து கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தை ஒரு லிட்டர் நீரை இழந்தாலே, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அது உயிருக்கு ஆபத்தான நிலை. பெரியவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியும் பேதி, குழந்தைகளையும் முதியவர்களையும் கொல்வது இப்படித்தான்.

மூடாத கதவு

இவ்வளவு பாதிப்பிலும் குடலில் ஒரு கதவு மட்டும் பெரும்பாலும் மூடுவதில்லை. சிறுகுடல் செல்கள் குளுக்கோஸ் சர்க்கரையை உள்ளே எடுக்கும்போது, கூடவே சோடியம் உப்பையும் சேர்த்தே எடுக்கின்றன. இரண்டும் ஜோடியாகத்தான் நுழையும். அவை நுழைந்தால் தண்ணீரும் பின்னாலேயே வந்துவிடும். ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1960-இல் இதை எடுத்துரைத்தார். காலராவிலும் இந்த வழி வேலை செய்கிறது. வெறும் தண்ணீர் குடித்தால் போதிய அளவு உள்ளே சேராது. உப்பு மட்டும் போட்டாலும் போதாது. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால்தான் கதவு திறக்கும்.

1971-இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை தாண்டி வந்த அகதிகளிடையே காலரா பரவியது. மேற்கு வங்கத்தின் பொங்காவ் மருத்துவமனையில் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ், குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் அளந்து, டிரம்களில் தண்ணீரோடு கலந்து, நோயாளிகளின் உறவினர்களிடமே கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். முப்பது சதவிகிதம் அளவில் இருந்த இறப்பு, அவரது பராமரிப்பில் இருந்தவர்களிடையே நான்கு சதவிகிதத்துக்கும் கீழே வந்தது. கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த ஓ.ஆர்.எஸ். கரைசல் உலகெங்கும் ஏற்கப்பட இது முக்கியக் காரணம். 2022-இல் அவர் காலமான பிறகு, 2023-இல் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

இந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் அவரது குழுவினரும், சிறுகுடலில் எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ். உடன் கலந்து காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மாவு செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் நொதித்து, பெருங்குடலையும் நீரை மீட்க வைத்தது. பேதியின் அளவும் குறைந்தது, நாளும் குறைந்தது. இந்த ஆய்வு 2000-ஆம் ஆண்டு புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. ஓ.ஆர்.எஸ். சிறுகுடலின் கதவைத் திறக்கிறது. இந்த மாவு பெருங்குடலின் கதவையும் திறக்கிறது. பேதியின்போது உப்பிட்ட அரிசிக் கஞ்சி கொடுத்த நம் பாட்டிமார்களின் வழக்கம் வீண் அல்ல என்பதற்கு இது போதும். ஆனால் ஓ.ஆர்.எஸ். கிடைக்கும்போது கஞ்சி அதற்கு மாற்று அல்ல, துணைதான்.

வீட்டில் என்ன செய்வது?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும். மருந்துக் கடையிலும் மலிவு. பாக்கெட்டின் மேல் எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு; சிறியது 200 மில்லிக்கு. ஒரு லிட்டர் பாக்கெட்டில் பாதியைக் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கும் பழக்கம் பல வீடுகளில் உள்ளது. இது தவறு. உப்பு அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. குறைந்தால் பலன் இல்லை. முழு பாக்கெட்டையும் கொதித்து ஆறிய நீரில், சொன்ன அளவில் கலக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

பாக்கெட் இல்லாத நள்ளிரவில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுக்கலாம். வாயில் வைத்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்பாக இருக்கக் கூடாது.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, இரண்டு முதல் பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டிய அளவு. குழந்தை வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, மறுபடி ஒவ்வொரு ஸ்பூனாக மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. வயிற்றுக்கு ஓய்வு என்று பட்டினி போடவும் கூடாது. செல்கள் புதிதாக முளைக்க உணவு வேண்டும். குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்லும் துத்தநாக மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முழுதும் கொடுக்க வேண்டும்.

ஓ.ஆர்.எஸ். பேதியை உடனே நிறுத்தாது. அது வெளியேறும் நீரை ஈடு செய்கிறது, அவ்வளவுதான். "குடித்தும் நிற்கவில்லையே" என்று பலர் இரண்டு டம்ளரோடு விட்டுவிடுகிறார்கள். உயிர் போவது நீரிழப்பினால் என்பதை நினைவில் வையுங்கள். அதேபோல் பேதியை நிறுத்தும் மாத்திரையையும் ஆன்டிபயாடிக்கையும் கடையில் கேட்டு வாங்கிக் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கடையில் டெட்ரா பேக்கில் விற்கும் இனிப்பு பானங்கள் சில பல ஆண்டுகள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி வந்தன. அவற்றில் சர்க்கரை மிக அதிகம். சர்க்கரை மிஞ்சினால் குடல் இன்னும் நீரை வெளியே இழுக்கும். 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அத்தகைய பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தடை விதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரித்தது என்று அச்சிடப்பட்ட பாக்கெட்டையே வாங்குங்கள்.

குடலேற்றம் தட்டலாமா?

குழந்தைக்கு வாந்தியும் பேதியும் வந்தால் "குடலேற்றம்" என்று சொல்லி, எண்ணெய் தடவி வயிற்றை நீவுவதும், தலைகீழாகப் பிடித்துத் தட்டுவதும் நம் பகுதிகளில் இன்றும் நடக்கிறது. குர்பானி ஆட்டின் குடலைப் பிடித்திருந்த சவ்வை நினைத்துப் பாருங்கள். அப்படித் தாங்கி நிற்கும் குடல், பேதி வந்ததால் மேலே ஏறிக்கொள்வதில்லை; தட்டினால் இறங்குவதும் இல்லை. குழந்தைக்குத் தானாகவே சரியாகும் பேதி, தட்டிய மறுநாள் நின்றால் தட்டியதால் நின்றதாகத் தோன்றுகிறது. அதற்குள் நீரிழப்பினால் ஒரு நாள் வீணாகிவிடுகிறது.

உண்மையிலேயே குடல் இடம் மாறும் நோய்கள் சில உண்டு. கைக்குழந்தைகளுக்குச் சில நேரம் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் தொலைநோக்கி மடங்குவது போல நுழைந்துகொள்ளும். குழந்தை விட்டு விட்டு வீறிட்டு அழும், காலை மடக்கிக்கொள்ளும், பச்சையாக வாந்தி எடுக்கும், மலத்தில் ரத்தமும் சளியும் ஜெல்லி போல வரும். சவ்வின் ரத்தக் குழாய்களும் உள்ளே நசுங்குவதால் அந்தக் குடல் சில மணி நேரங்களில் அழுகத் தொடங்கலாம். இதற்கு நீவுவதும் தட்டுவதும் பெரும் ஆபத்து. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, கண்கள் குழி விழுந்திருக்கின்றன, அழுதால் கண்ணீர் வரவில்லை, கைக்குழந்தையின் உச்சிக்குழி உள்ளே அமுங்கியிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறது, குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறது, குடிக்க முடியவில்லை, மலத்தில் ரத்தம், கஞ்சித் தண்ணீர் போல நிற்காத பேதி. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். போகும் வழியிலும் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே போங்கள். சர்க்கரை நோய், சிறுநீரக நோய், இதய நோய் உள்ள பெரியவர்களைச் சீக்கிரமே மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

நோன்பு நாளில் கடும் வயிற்றுப்போக்கு வந்தால், மாலை வரை தாக்குப்பிடிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நோயாளி நோன்பை விட்டுவிட்டுப் பிறகு களா செய்துகொள்ள மார்க்கம் அனுமதி தந்திருக்கிறது. மணிக்கு மணி நீர் வெளியேறும் உடம்புக்கு அந்தச் சலுகை எதற்காக என்பது மேலே சொன்ன கணக்கிலேயே விளங்கும்.

தண்ணீர் எப்படிக் கெடுகிறது?

2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து உருவானது தாம்பரம் மாநகராட்சி. இதன் பல பகுதிகளில் பாதாளச் சாக்கடை இன்னும் முழுமையாக வரவில்லை. செப்டிக் டேங்க்குகளும் மழைநீர்க் கால்வாய்களுமே உள்ளன. குடிநீர் விட்டு விட்டுத்தான் வருகிறது. குழாயில் தண்ணீர் நிற்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. விரிசல் இருந்தால், பக்கத்தில் தேங்கி நிற்கும் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இந்த ஆபத்து பல மடங்கு. மழைக்காலத்தில் தரைமட்டச் சம்ப்புக்குள்ளும் இப்படித்தான் கலக்கிறது.

எனவே மழை நாட்களில் தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்க வைத்துக் குடியுங்கள். நிறமோ நாற்றமோ மாறினால் அன்றே மாநகராட்சியில் புகார் செய்யுங்கள். ஒரே தெருவில் இரண்டு மூன்று வீடுகளில் பேதி என்றால் 104 சுகாதார உதவி எண்ணில் சொல்லுங்கள். பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: உளூச் செய்பவர்கள் அதே நீரில்தான் வாய் கொப்பளிக்கிறார்கள். தொட்டியைக் குறித்த காலத்தில் கழுவிக் குளோரின் போடுவது அவசியம். வலீமா விருந்துகளில் பிரியாணிக்குக் கொதிக்கும் நீர் பாதுகாப்பானது. தயிர் வெங்காயத்துக்கும் ஜூஸுக்கும் சேர்க்கும் பச்சைத் தண்ணீர்தான் பிரச்சினை. கழிவறை சென்று வந்த பிறகு சுத்தம் செய்வதோடு, சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் வேண்டும்.

குழந்தைகளுக்கு 6, 10, 14-வது வாரங்களில் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகத் தரப்படுகிறது, தவறவிடாதீர்கள்.

ஒன்பது லிட்டரில் ஒரு டம்ளர் மட்டுமே வீணாகும்படி இயங்கும் குடல், சில நாட்கள் தடுமாறினால் நாம் செய்ய வேண்டியது, அது மீளும் வரை இழந்த நீரை ஈடு செய்து கொடுப்பதுதான். இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டுகளை இன்றே வாங்கி, வீட்டில் அனைவருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். கலக்கும் அளவைப் பிள்ளைகளுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒருமுறை சொல்லிக்கொடுங்கள்.